எந்தச் சீப்பு?

சிரிக்கக் கூடாத இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு வரும். பிறவியிலேயே வந்த வியாதி. சாவு வீட்டில் சிரித்து அத்தையிடம் அடி வாங்கியிருக்கிறேன். மேலதிகாரி நடத்திய ஆய்வுக் கூட்டத்தில் சிரித்துவிட்டு, ஏன் சிரித்தேன் என்று எழுத்தில் விளக்கம் கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்டவளை உள்ளாட்சித் தேர்தலில், கல்வராயன் மலைமேல் இருக்கும் ஓர் ஊராட்சிக்குத் தேர்தல் அதிகாரியாகப் போட்டார்கள். அதன் பிறகு நடந்ததற்கெல்லாம் நான் எப்படிப் பொறுப்பாவேன்? போட்டவர்களைக் கேளுங்கள்.

அப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகவில்லை. ஒரு கையெழுத்துக்குக்கூட விழுப்புரம் ஓடணும். ஒன்றிய அலுவலகத்தில் நான் விரிவாக்க அலுவலர். கிராமசபைக்கு ஆள் சேர்ப்பது, மகளிர் குழுக்களைக் கூட்டிவைத்துப் பேசுவது, கழிப்பறை கட்டச் சொல்லிக் கெஞ்சுவது, இதுதான் அன்றாட வேலை. நான் வந்தால் ஒருத்தரும் நாற்காலி போடமாட்டார்கள். தேர்தல் அறிவிப்பு வந்ததும் அதே ஆட்கள் எழுந்து நின்று கும்பிடு போட்டார்கள். அந்த மாதம் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவே இல்லை.

எனக்கு வாய்த்த ஜீப் டிரைவர் எலவனாசூர்கோட்டைக்காரர். வண்டி ஓடுகிறதோ இல்லையோ, அவர் வாய் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் நாள் மலை ஏறும்போதே சொல்லிவிட்டார்: "மேடம், நீங்க சிரிக்காம இருந்தீங்கன்னா பாதி எலெக்‌ஷன் முடிஞ்சா மாதிரி."

அந்த ஊராட்சியில் ஊர்க்கவுண்டர் வைத்ததுதான் சட்டம். மலைக்கிராமங்களில் ஊர்க்கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவரை அப்படித்தான் சொல்வார்கள். ஊராட்சித் தலைவர் பதவியும் அதுவரை அவரிடமே இருந்தது. அந்தத் தேர்தலில் அது பழங்குடிப் பெண்களுக்கென்று ஒதுக்கீடாகிவிட்டது. மனிதர் அசரவில்லை. தன் தம்பி மனைவியை நிறுத்திவிட்டார். எதிர்த்து யாரும் நிற்கக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லியும் விட்டார். அந்தத் தம்பி மனைவி வேட்புமனு கொடுக்க வந்தபோது வாயே திறக்கவில்லை. நான் பெயரைக் கேட்டால் ஊர்க்கவுண்டர் சொல்கிறார், வயதைக் கேட்டால் ஊர்க்கவுண்டர் சொல்கிறார். உறுதிமொழியை மட்டும் அந்தப் பெண்ணே வாசிக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். முணுமுணுவென்று வாசித்துவிட்டுப் போனாள்.

மனுத் தாக்கல் முடியப்போகும் நேரத்துக்கு இன்னொரு பெண் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றாள். கடுக்காய் பொறுக்கி விற்கிறவள். புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நானும் நிக்கறேன் மேடம்" என்றாள்.

"எதுக்கும்மா நிக்கிறீங்க?" என்று கேட்டேன். அதிகாரி கேட்கக் கூடாத கேள்வி. வாய் சும்மா இருக்கவில்லை.

"அரிசிக்குத்தான் மேடம். ரேஷன் கடை அடிவாரத்துல கீது. மாசா மாசம் மூட்டையைத் தலையில வெச்சிகினு வழுக்குப் பாறை மேல ஏறிகினு இருக்கோம். கடையை மேல கொண்டாங்கன்னு ஊர்க்கூட்டத்துல கேட்டேன். தலைவராயி நீயே கொண்டா போன்னு சிரிச்சாரு எங்க ஊர்க்கவுண்டரு. சரின்னு வந்துட்டேன்."

"தோத்துட்டா?"

"தோத்துட்டா இனிமே கூட்டத்துல கடைப் பேச்சே எடுக்கக் கூடாதாம். சாமி முன்னாடி கல்பூரம் அணைச்சி ஒத்துகினு வந்திருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு தடவை மட்டும்.

சின்னம் ஒதுக்கும் நாளில் இருவரையும் உட்காரவைத்தோம். ஊர்க்கவுண்டர் முந்திக்கொண்டு, "எங்களுக்குப் பழக்கூடை. மங்களகரமா இருக்கும்" என்றார். கடுக்காய்க்காரப் பெண்ணுக்கு எழுத்து தெரியாது. என் உதவியாளர் மீதிச் சின்னங்களை வரிசையாக வாசித்தார். கட்டில், கத்தரிக்கோல், மூக்குக்கண்ணாடி என்று வாசித்துக்கொண்டே போய், "சீப்பு" என்றதும் அவள் துள்ளி எழுந்துவிட்டாள்.

"சீப்பு! சீப்பே குடுங்க மேடம்! அதைவிட நல்லது இன்னா இருக்கு!"

அப்படி என்ன சீப்பின் மேல் ஆசை என்று எனக்குள் ஓர் ஆச்சரியம். தலை வாருவதில் பிரியமானவள்போல என்று நினைத்துக்கொண்டேன். சின்னம் அச்சிட்ட காகிதத்தைக் கொடுத்தோம். அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். பக்கத்தில் நின்ற ஊர்க்கவுண்டர் மீசைக்குள் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

பிரசாரம் முடியும் நாளன்று அந்த ஊரில் எனக்கு வாக்காளர் விழிப்புணர்வு முகாம். ஒரு வாக்காளருக்கு நாலு ஓட்டு, நாலு நிறத்தில் சீட்டு. வெள்ளை வார்டு உறுப்பினருக்கு, ரோஸ் ஊராட்சித் தலைவருக்கு, பச்சையும் மஞ்சளும் ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும். எந்த நிறம் எதற்கு, முத்திரையை எங்கே குத்துவது, சீட்டை எப்படி மடிப்பது, இதையெல்லாம் செய்துகாட்ட வேண்டும். மதியச் சாப்பாட்டை ஜீப்பிலேயே முடித்துக்கொண்டு ஊருக்குள் நுழைந்தோம். டிரைவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"இன்னா மேடம், ஊர்ல திருவிழாவா? வூட்டுக்கு வூடு வாழைப்பழம் தொங்குது?"

உண்மைதான். பாதி வீடுகளின் வாசலில் ஒரு சீப்பு வாழைப்பழம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சிலது பழுத்துக் கறுத்து, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற ஓர் அம்மாவிடம் இது என்ன என்று கேட்டேன்.

"எங்க சின்னம்ங்க! சீப்பு!" என்றார் பெருமையாக.

அடக் கடவுளே! அவள் கேட்ட சீப்பு வாழைப்பழச் சீப்பு. நாங்கள் கொடுத்த சீப்பு தலை வாருகிற சீப்பு. இரண்டு வாரமாக அவள் கையில் ஒரு சீப்புப் பழத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக, குன்றுக்குக் குன்று ஏறி இறங்கி, "சீப்புக்குக் குத்துங்க, சீப்புக்குக் குத்துங்க" என்று ஓட்டுக் கேட்டிருக்கிறாள். இந்த ஜனம் நாளை மறுநாள் ரோஸ் சீட்டைப் பிரித்துப் பழத்தைத் தேடும். அந்தச் சீட்டில் பழம் இருப்பது ஒரே இடத்தில். ஊர்க்கவுண்டரின் கூடையில்! அவள் கேட்டுச் சேர்த்த ஓட்டெல்லாம் சுளையாக அவருக்கே போய் விழும். மனிதர் மீசைக்குள் ஏன் சிரித்தார் என்பது அப்போதுதான் புரிந்தது.

"போச்சுடா" என்றேன் வாய்விட்டு. டிரைவர் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிரசாரம் ஓய்ந்துவிடும். அதற்குமேல் அவள் யாரிடமும் வாயைத் திறக்க முடியாது. நானோ அதிகாரி. "சீப்புக்குப் போடுங்கள்" என்று நான் சொன்னால் என் வேலை போய்விடும். "உங்கள் சின்னம் பழம் இல்லை" என்று ஒருத்தியிடம் மட்டும் தனியாகச் சொன்னாலும், அதிகாரி ஒருபக்கம் சாய்ந்துவிட்டாள் என்று ஊர்க்கவுண்டர் கிளம்பிவிடுவார்.

பலா மரத்தடியில் கூட்டம் சேர்ந்தது. இரண்டு வேட்பாளர்களும் வந்திருந்தார்கள். ஊர்க்கவுண்டர் முன்வரிசையில் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு சின்னத்தையும் எல்லார் முன்னாலும் சமமாகக் காட்டினால் யார் என்னைக் கேட்க முடியும்? மேசையைப் போடச் சொன்னேன். ஒரு கூடையை வாங்கிப் பழங்களை நிரப்பி வைத்தேன். என் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ரெண்டு பல் உடைந்த சீப்பு. அரசாங்கச் செலவில் வேறு கிடைக்காது.

கூடையைத் தூக்கிக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டேன்.

"பழக்கூடை!"

என் சீப்பைத் தூக்கினேன். "இது?"

"சீப்பு!"

கூடையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்துத் தூக்கினேன். "அப்ப இது?"

"அதுவும் சீப்பு!"

"ரொம்ப சரி. ரோஸ் சீட்டுல ரெண்டே படந்தான் இருக்கும். ஒண்ணு பழக்கூடை. இன்னொண்ணு சீப்பு. தலை வாருற சீப்பு. வாழைப்பழம் கூடைக்குள்ள மட்டுந்தான் இருக்கும். யாருக்கு எதுன்னு நான் சொல்லமாட்டேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து, "அய்யய்யோ!" என்று ஒரு சத்தம். கடுக்காய்க்காரப் பெண். இடுப்பில் செருகியிருந்த காகிதத்தை உருவிப் பிரித்தாள். பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"இது இன்னாடி, வேலிப் படல் மாதிரி வரைஞ்சிருக்கான்! நானு பிரிச்சிக்கூடப் பாக்காம இடுப்புலயே வெச்சிகினு திரிஞ்சிட்டேனே!"

அந்த நேரம் பார்த்துத்தான் பலா மரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கியது. மேசைமேல் உட்கார்ந்து, கூட்டத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்தது. கூடையில் இருந்த வாழைப்பழத்தை மொத்தமாக அள்ளிக்கொண்டு மரமேறிவிட்டது.

ஊர்க்கவுண்டர் துள்ளி எழுந்தார். "எங்க சின்னத்தைக் கொரங்கு துன்னுது! பாத்துகினு நிக்கறீங்க! இது சதி! தேர்தலை நிறுத்துங்க!"

மேலேயிருந்து ஒரு தோல் சரியாக அவர் துண்டின் மேல் விழுந்தது.

அவ்வளவுதான், என்னால் முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். கூட்டமே சிரித்தது. ஊர்க்கவுண்டரின் தம்பி மனைவி, அதுவரை சத்தமே வராத அந்தப் பெண், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். இந்தக் குரங்கு விவகாரத்துக்கு நான் பிற்பாடு விளக்கம் எழுத வேண்டியிருந்தது. "மேற்படி குரங்கு எந்த வேட்பாளரையும் சார்ந்ததல்ல" என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை அலுவலகத்தில் பல வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்குவதற்குள் கடுக்காய்க்காரப் பெண் தன் கொண்டையிலிருந்த சீப்பை உருவிவிட்டாள். "ஏய், எல்லாரும் எடுங்கடி!" என்று ஒரு கத்தல். பெண்கள் ஆளாளுக்குக் கொண்டையிலிருந்து சீப்பை உருவினார்கள். இல்லாதவர்கள் வீட்டுக்குள் ஓடி எடுத்துவந்தார்கள். மலைச்சரிவில் நாலா பக்கமும் சிதறி ஓடினார்கள். ஒருத்தி மேட்டுக் குடிசைகளுக்கு, ஒருத்தி ஓடை தாண்டி, ஒருத்தி சாமைக் கொல்லைக்கு. "பழம் இல்ல! பழம் இல்ல! தலை வார்ற சீப்பு!" மலையெல்லாம் அதே சத்தம். வாசலில் தொங்கிய பழங்களை அவிழ்த்து அங்கேயே உரித்துத் தின்றார்கள். ஐந்து மணிக்கு நான் கடிகாரத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினேன். கடைசியாக ஓடிவந்தவள் மூச்சு வாங்க மரத்தடியில் உட்கார்ந்து, நிம்மதியாகத் தன் தலையை வாரிக்கொண்டாள். அது பிரசாரமா, தலைவாரலா என்று ஊர்க்கவுண்டர் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை, நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

வாக்குப்பதிவு அன்று காலையில் நான் சாவடிக்குப் போய் இறங்கியதுமே ஊர்க்கவுண்டர் ஓடிவந்தார்.

"மேடம், அவளுங்க தலையைப் பாருங்க! சின்னத்தை வெச்சிகினு ஓட்டுப் போட வராளுங்க!"

வரிசையில் நின்ற பெண்களில் பாதிப் பேர் கொண்டையில் சீப்பு. சாவடிக்குப் பக்கத்தில் எந்தச் சின்னமும் தெரியக் கூடாது என்பது விதி. மனிதர் சொன்னது நியாயம்தான். காவலுக்கு வந்த ஏட்டு ஒரு முறத்தை வாங்கி, வரிசையில் ஒவ்வொருத்தியாக, "சீப்பைப் போடும்மா, சீப்பைப் போடும்மா" என்று வசூல் செய்தார். அவர் சர்வீஸில் அப்படி ஒரு பறிமுதல் நடந்திருக்காது. பதிலுக்கு இவர்கள் சும்மா விடுவார்களா? கூடையோடு வந்த ஊர்க்கவுண்டரின் சொந்தக்காரர் ஒருவரைச் சூழ்ந்துகொண்டு, "கூடையும் வெளியே! கூடையும் வெளியே!" என்று கத்தினார்கள். கூடையும் வெளியே போனது. ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர்களுக்கு முறத்தில் எது யார் சீப்பு என்று தெரியவில்லை. "இது என்துடி!" "அய்ய, உன்துல பேன் இருக்கும், இதுல இல்லை பாரு!" என்று சண்டை. ஏட்டு என்னைப் பார்த்தார். நான் சுவருக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

கடுக்காய்க்காரப் பெண் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது மட்டும் முகம் வெளிறியிருந்தது. பயம்போல என்று விட்டுவிட்டேன்.

ஓட்டு எண்ணிக்கை மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில். ரோஸ் சீட்டுகளைப் பிரிக்கப் பிரிக்க, கூடை, சீப்பு, கூடை, கூடை, சீப்பு என்று மாறி மாறி விழுந்தது. ஊர்க்கவுண்டர் உட்காரவில்லை. கடுக்காய்க்காரப் பெண் தலை குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சீட்டில் சீப்பின் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு முத்திரை குத்தியிருந்தார் யாரோ ஒரு புண்ணியவான். செல்லாது என்று ஊர்க்கவுண்டர் குதித்தார். எத்தனை குத்தினாலும் ஒரே சின்னத்துக்குள் இருந்தால் செல்லும் என்று விதியைப் படித்துக்காட்டினேன். கூட்டி முடித்ததும் என் உதவியாளர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். சீப்பு ஒரே ஓட்டில் ஜெயித்திருந்தது.

மறுபடியும் எண்ணச் சொன்னார் ஊர்க்கவுண்டர். எண்ணினோம். அதே ஒரு ஓட்டு. அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நான் வெற்றிச் சான்றிதழை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கடுக்காய்க்காரப் பெண்ணின் கையில் கொடுத்தேன். வெளியே அவள் ஆட்கள் சீப்பைத் தூக்கி ஆட்டிக்கொண்டு குதிக்கிறார்கள். இவளோ சான்றிதழைக் கையில் வாங்கியதும் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஏம்மா, ஜெயிச்சுட்டீங்க! கடை மேல வரப்போகுது! எதுக்கு அழுறீங்க?" என்று வராந்தாவுக்கு அழைத்துப் போனேன். தோற்றுப்போன தம்பி மனைவி அங்கே தூணோரம் தனியாக நின்றிருந்தாள். அவளைக் கவனிக்கும் நிலையில் இவள் இல்லை.

"மேடம், நானு கூடைக்குக் குத்திப்புட்டேன் மேடம்!"

"என்னது?"

"ரெண்டு வாரமா பழத்தையே காட்டிகினு இருந்தேனா, மறைப்புக்குள்ள போனதும் கை தன்னால பழத்தாண்ட போயிடுச்சி. ஊருக்கெல்லாம் பழம் இல்ல, பழம் இல்லன்னு கத்திட்டு நானே போயி பழத்துமேல குத்திட்டேன்! மடிச்ச அப்புறந்தான் தெரிஞ்சிச்சி. அன்னியிலேருந்து ஒரு வாய் சோறு எறங்கல. என் ஓட்டாலயே கடை போயிருக்குமே மேடம்!"

சிரிப்பு நெஞ்சுவரை வந்து முட்டியது. அடக்கிக்கொண்டு, "யாருக்குக் குத்தினேன்னு வெளிய சொல்லக் கூடாதும்மா, ரகசியம்" என்றேன்.

"அக்கா, கம்முனு இரு, அழுவாதே" என்று தூணோரத்திலிருந்து குரல் வந்தது. அந்தத் தம்பி மனைவி. அவள் குரலை நான் முழுசாகக் கேட்டது அப்போதுதான். "உன் ஓட்டு எனக்கு வந்துச்சின்னா, என் ஓட்டு உனக்கு வந்துடுச்சி. சரியாப் போச்சி."

மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஜெயித்தது ஒரே ஓட்டில். இந்தத் தம்பி மனைவி தன் ஓட்டைத் தனக்கே போட்டிருந்தால், அதே ஒரு ஓட்டில் ஜெயித்துத் தலைவர் ஆகியிருப்பாள்.

"நீயாடி குத்தின? ஏன்டி?" என்றாள் கடுக்காய்க்காரப் பெண், அழுகையை மறந்து.

"மாசா மாசம் அந்தப் பாறைமேல மூட்டையைத் தூக்கிகினு ஏறது எங்க மாமாவா? நானு இல்ல?"

வெளியிலிருந்து ஊர்க்கவுண்டர் அதட்டினார். "அங்க இன்னா பேச்சு? கிளம்பு!"

"வரேங்க மாமா" என்று குரல் கொடுத்தாள். முந்தானையால் முகத்தை முழுக்க மூடிக்கொண்டாள். "தோத்துட்டேன்னு அழுதுகினு இருக்கேங்க!"

தோள் இரண்டும் குலுங்கக் குலுங்க அவர் பின்னால் நடந்து போனாள். பார்த்தவர்கள் எல்லாரும் பாவம் என்றார்கள்.